பொறுப்பில் உள்ளவை

லண்ட்கிரென் மூன்று தாள்களை மேசையில் பரப்பி
மின்விசிறிக்குப் பறக்காமல்
கண்ணாடிக் கூட்டைத் தூக்கி மேலே வைத்தார்.
ஜன்னலுக்கு வெளியே எஸ்பனோலாவின் ஆகஸ்ட் வானம்
மூன்று மணிக்கே கறுக்கத் தொடங்கியிருந்தது.

"பொதுப் பொறுப்புக் காப்பீடு" என்றார், முதல் தாளைத் தொட்டு.
"உங்கள் தண்ணீர்க் குழாய் தடுக்கி
யாராவது விழுந்தால் இது பார்த்துக்கொள்ளும்."
நல்லது.
"அவர்கள் வேலி, தோட்டம், நாய்,
உங்கள் ரசாயனம் பட்டுக் கெட்டால் அதற்கும்."
நல்லது. அவர்கள் கார்?

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.
"கார் உங்கள் பொறுப்பில் அல்லவா இருக்கிறது.
உங்கள் பொறுப்பில் இருப்பதற்குப்
பொதுப் பொறுப்பு பொறுப்பாகாது."

நான் கார் துலக்குகிறவள், லண்ட்கிரென்.
விடிந்தால் அடைந்தால் என் கை படுவது
கார் மேல்தான்.
பிரசவம் பார்க்கிறவளுக்குக் காப்பீடு எழுதிவிட்டுக்
குழந்தை மட்டும் இதில் சேராது என்கிறீர்களே.

அவர் சிரிக்கவில்லை.
இரண்டாம் தாளை நகர்த்தினார்.
"அதற்குத்தான் இது. காரேஜ் காப்பாளர் காப்பீடு.
ஓர் இரவில் அதிகபட்சம்
எவ்வளவு மதிப்புள்ள வண்டிகள் உங்களிடம் நிற்கும்?"

என் கொட்டகை ஆணியில் தொங்கும் சாவிகளை
மனசுக்குள் எண்ணினேன்.
கணித ஆசிரியை கார்மெலிட்டாவின் சுபாரு,
பின் இருக்கையெல்லாம் நாய் முடி.
வெள்ளிக்கிழமைக்குள் திரும்ப வேண்டிய
அமரர் ஊர்தி ஒன்று; அதில் போகிறவர்
பளபளப்பைப் பார்க்கப்போவதில்லை,
பின்னால் வருகிறவர்கள் பார்ப்பார்கள்.
பிறகு ஃபிடென்சியோ லுசேரோவின்
அறுபத்துநாலாம் வருஷத்து இம்பாலா.
மிட்டாய்ச் சிவப்பு, பதினோரு பூச்சு,
டிக்கி மூடியில் இறந்த மகனின் முகம்.

"சந்தை விலை எழுதுங்கள்" என்றார்.
அது சந்தைக்கு வந்ததே இல்லை.
"அப்படியானால் ஒப்புக்கொண்ட மதிப்பு."
யார் ஒப்புக்கொள்வது? ஃபிடென்சியோவா?
கடைசியில் அவரே ஓர் எண்ணைச் சொன்னார்,
நான் அதை இரட்டிப்பாக்கினேன்,
பிரீமியம் கொஞ்சம் இருமியது.

இன்னும் ஒன்று கேட்டேன்.
மார்ச்சில் ஒரு டகோமாவின் பானெட் விளிம்பில்
பாலிஷ் இயந்திரம் அரை நொடி அதிகம் நின்று
கட்டைவிரல் அகலத்துக்கு வண்ணம் எரிந்துபோனது.
நாலு மாத ஞாயிற்றுக்கிழமைகளைக் கொடுத்து அடைத்தேன்.
அதற்கு?
"தீ, திருட்டு, ஆலங்கட்டி, எல்லாம் உண்டு.
உங்கள் மச்சான் ரிவர்ஸில் தூணில் இடித்தால்கூட உண்டு.
உங்கள் கையின் பிழைக்கு
எந்தத் தாளிலும் இடமில்லை."

மூன்றாம் தாள் என் சொந்த வேனுக்கு.
அடுத்த மாதம் பார்க்கலாம் என்று மடித்துக்கொண்டேன்.
முதல் ஆயிரம் டாலர் என் பாடு
என்று ஒப்பி, இரண்டிலும் கையெழுத்து.

"எப்போதிலிருந்து?"
"இன்று நள்ளிரவு பன்னிரண்டு மணி ஒரு நிமிடம்."

பாலம் தாண்டும்போதே முதல் கல் விழுந்தது,
பட்டாணி அளவு.
கொட்டகையில் இரண்டு வண்டிக்குத்தான் இடம்.
மச்சான் அன்செல்மோ ஏற்கெனவே இம்பாலாவைத்
தொட்டிலைத் தள்ளுவதுபோல் உள்ளே தள்ளியிருந்தான்.
"இறந்தவரா, ஆசிரியையா?" என்று கத்தினான்.
அமரர் ஊர்தியை ஏற்றினோம்.
சுபாருவின் மேல் என் படுக்கை மெத்தை,
அவன் படுக்கை மெத்தை,
நாய் படுக்கும் கம்பளி,
அதன் மேல் நாங்கள், ஆளுக்கொரு மூலை,
தலையில் நுரை வாளி கவிழ்த்து.

என் வேன் முற்றத்தில் தனியாக நின்றது.
கல் எலுமிச்சை அளவுக்கு வந்ததும்
அதன் முன்கண்ணாடி
ஒரே ஒரு தடவை சத்தம் போட்டது.

அன்செல்மோ வாளிக்குள்ளிருந்து கேட்டான்:
"மணி என்ன?"
நாலேகால்.
அவன் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருந்தான்.
நான் மெத்தையை இன்னும் கொஞ்சம்
பானெட் விளிம்புவரை இழுத்துவிட்டேன்.