துகள் நகராமல்

வேலந்தாவளம் சோதனைச்சாவடிக்கு
நூறடி இந்தப் பக்கமே பஸ் நின்றுவிடும்.
மீதியை நடந்து கடப்பேன்,
பையில் ஏழாம் வகுப்பு பி-யின்
முப்பத்தொரு விடைத்தாள்கள்.

வெப்பக் கடத்தல் என்றால் என்ன?
துகள்கள் இடம்பெயறாமல் வெப்பம் மட்டும் நகர்வது.
முப்பத்தொரு பேரும் ஒரே வரி.
பெயராமலுக்கு வல்லின றகரமும் ஒரே மாதிரி.
பிழை என்னுடையது. கரும்பலகையில் நான் போட்டது.
ஆக, ஏதோ ஒன்று கடந்திருக்கிறது.

மறுநாள் மழை.
எவர்சில்வர் டம்ளரையும் மேசையின் மரத்தையும்
தொட்டுப் பார்க்கச் சொன்னேன்.
எது சில்லென்று இருக்கிறது?
டம்ளர்.
ஏன்?
அதுக்குள்ள குளிர் ஜாஸ்திங் டீச்சர்.
நேற்று எழுதினீர்களே, அது?
சபூராதான் சொன்னாள்:
அது பரீட்சைங் டீச்சர். இது டம்ளருங்.

அன்றைக்கு பெஞ்சுகளைத் திருப்பிப் போட்டேன்.
நாலு நாலு பேராக, முகம் பார்த்து.
கல்யாணப் பந்தியா டீச்சர், என்று
வராந்தாவில் கேட்டுவிட்டுப் போனார் ஹெட்மாஸ்டர்.
விதி ஒன்றுதான்.
வீட்டிலிருந்து ஆளுக்கொரு 'ஏன்' கொண்டுவர வேண்டும்,
அதை என்னிடம் கேட்கக் கூடாது.

மூன்று வாரம் வெறும் சத்தம்.
பாதி மலையாளத்தில்.

பிறகு ஜிஷ்ணு கொண்டுவந்தான்
தோசைத் திருப்பியின் மரப்பிடியை.
அனிதாகுமாரி, மீன்கடை ஐஸ்மேல் போடும் மரத்தூளை.
சபூரா, தம்பியின் காய்ச்சலை:
நெத்தியில ஈரத்துணி போட்டமுங்.
கொஞ்ச நேரத்துல துணி சுட்டுதுங்.
அது குளிரைக் குடுக்கல, சூட்டை வாங்குச்சு.
சொல்லி நிறுத்தினாள்.
ஜன்னலோரம் இருந்த டம்ளரைப் பார்த்தாள்.
அப்ப அதுவும் நம்ம கையிலிருந்து வாங்குதுங்களா?

பதில் என் பல்லுக்குள் இருந்தது.
விடவில்லை.
ஜிஷ்ணு எழுந்துபோய் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டான்,
அது சூடாகும் வரைக்கும்.

அந்த வாரம்தான் பொன்னுமணியின் மாமா பிடிபட்டார்.
டூவீலரில் அறுபது கிலோ ரேஷன் அரிசி.
பேப்பரில் வந்தது: அரிசிக் கடத்தல்.
கடத்தல் என்று நான் போர்டில் எழுதியதும்
பின்னாலிருந்து சிரிப்பு.
பெஞ்சைத் திருப்பிப் போட்டாலும் பின்பெஞ்சு இருக்கும்.
எனக்கு வேறு சொல் அகப்படவில்லை.
புத்தகத்திலும் அதுதான்.

எட்டு நாள் அவன் வரவில்லை.
எட்டு நாள் பாடத்தையும் அவன் நோட்டில்
சபூரா எழுதிவைத்தாள், தன் கோணல் கையெழுத்தில்.

ஒன்பதாம் நாள் வந்தான். படித்தான். எழுந்தான்.
கடத்தல்ல துகள் நகராதுங்களே டீச்சர்?
நகராது.
எங்க மாமன் நகந்தாருங்.
அவரேதான் தூக்கிட்டுப் போனாருங்.
அப்ப பேப்பர்ல போட்டது தப்புங்.
அது வெப்பச்சலனமுங்.

யாரும் சிரிக்கவில்லை.
ஜிஷ்ணு மட்டும் கை தூக்கினான், அவனைப் பார்த்து:
சூடு ஜாஸ்தியிலிருந்து கம்மிக்குப் போகும்.
அரிசி, விலை கம்மியிலிருந்து ஜாஸ்திக்கில்ல போச்சு?
திசை தப்புடா.
விலையைப் பாக்காத, அரிசியப் பாரு, என்றாள் அனிதாகுமாரி.
இருக்கற பக்கமிருந்து இல்லாத பக்கம்.
அப்ப சூடு எது, அரிசியா விலையா?
மணி அடித்தும் முடியவில்லை.
நான் சாக்பீஸை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன்.

பரீட்சையில் ஆறு பேர் ஃபெயில்.
பொன்னுமணியும்.
முப்பத்தொரு தாளில் முப்பத்தொரு விதமான பதில்,
நாலைந்து எனக்கே புரியவில்லை.

மழை விட்ட சாயங்காலம் சாவடியில் லாரி வரிசை.
பையில என்ன டீச்சர், என்றார் போலீஸ்காரர்.
பேப்பர்.
போங்க.
குறுக்குக் கம்பியைப் பிடித்துக் குனிந்தேன்.
என்ன குளிர் இந்தக் கம்பிக்கு
என்றுதான் எனக்கும் முதலில் தோன்றியது.