மறுகா

இந்த மாதம் என் வேலை
மூன்று ஃபோட்டான்களைச் சாகவிடாமல் வைத்திருப்பது.
வந்தாறுமூலையில் அதற்கான பெட்டி இல்லை.
பூச்சியத்துக்குக் கிட்டக் குளிர்ந்த
நியோபிய ஆடிகள் இரண்டும்
வேறொரு நாட்டு நிலவறையில் எதிரெதிரே நிற்கின்றன.
என்னிடம் இருப்பது
அவற்றுக்குச் சொல்ல வேண்டியதை எழுதும் மடிக்கணினி,
கல்லடியில் பாதி வாடகைக்கு ஒரு வீடு,
கரண்ட் ஏறி இறங்கும்போதெல்லாம்
டக்கென்று ஒரு சொல் சொல்லும் ஸ்டெபிலைசர்.

ஒளியை நேரே பிடித்து எண்ணினால்
எண்ணிக்கை மிஞ்சும், ஒளி மிஞ்சாது.
ஆகவே ஓர் அணுவை அனுப்பு.
ஒன்றையும் எடுக்காமல் அது கடந்துபோகும்,
போனதற்கு அடையாளமாய்
உள்ளேயிருக்கும் முள் சற்றே சரிந்திருக்கும்.
அரைகுறைச் செய்தி. சிலவேளை பொய்.
மறுகா இன்னொன்று.
மறுகா இன்னொன்று.
மூன்றாக இருக்கலாம்,
இரண்டாகியிருக்கவும் கூடும்.
குறைந்ததென்று தோன்றினால் ஒரு துளி நுண்ணலை விடு,
கூடினால் எதிர் அவத்தையில் விடு,
ஒரு செக்கனுக்குள் பன்னீராயிரம் தரம்.
பிடித்தாயிற்று என்று எந்த வரியிலும் எழுத முடியாது.

பக்கத்து அறையில் துவாரகி.
வைகாசியிலிருந்து வங்கிக்குப் போகவில்லை.
அவளுடைய அண்ணன் களுவாஞ்சிக்குடியிலிருந்து வந்து
முழுசாகக் கேட்டார்.
முழுசாகவே பதில் கிடைத்தது அவருக்கு.
பிறகு மூன்று நாள் அந்தக் கதவு திறக்கவில்லை.

நான் கேட்பது:
"சீனி கிடக்கா கா?"
"மழை வருமா கா?"
"இந்தச் சீப்பு ஆருட?"
வருகிற 'ம்' எவ்வளவு நீளம் என்று மட்டும்
மனதில் குறித்துக்கொள்வேன்.
செவ்வாய்க்கிழமை நீளமாயிருந்தது,
அன்று கூனி வாங்கிச் சுண்டினேன்.
புதன்கிழமை பிழைத்துப்போனது என் கணக்கு.
மாங்காய் வெட்டி வைத்த தட்டு
கதவடியில் எறும்பேறிக் கிடந்தது.

நேற்றிரவு
வாவிப் பக்கமிருந்து மழை சரிந்து வந்து
நாவற்குடா வரை கரண்ட் போனது.
ஸ்டெபிலைசர் பேச்சை நிறுத்தியது.
பற்றரி செத்த மடிக்கணினி
நாற்பத்தொரு வீதத்தில் கறுத்தது.
ஓட்டில் விழும் மழையைக் கேட்டபடி இருந்தேன்.
எவ்வளவு நேரமோ.

சுவருக்கு அங்கிருந்து,
தொண்டை காய்ந்த குரலில்:
"மறுகா?
உண்ட மூண்டும் என்ன கா?"

"இரண்டாயிருக்கும்" எண்டன்.
"சரியாத் தெரியா."

கொஞ்ச நேரம் மழை.
மறுகா
நெருப்புக்குச்சி உரசும் சத்தம்,
குசினியில்.