பதினாலு

மழை விட்ட சனிக்கிழமை, கோப்பாய்.
சீமெந்துத் தரையைத் துடைச்சு முடிய
ஏழு கதிரை லொறியால இறங்குது.
ஒண்டுக்குக் காத்தில்லை.

ரெண்டு தள்ளு, பிறகு பந்தைத் தட்டு.
மூண்டாம் தள்ளுக்கு விசில்.
இருக்கையை விட்டு எழும்பினாலும் விசில்,
எழும்பக்கூடிய ஆக்களுக்கு.

மெறினா ரீச்சர் கொப்பியில கூட்டுறா:
யதுகுலன் நாலரை, பிறின்சியா நாலு,
சங்கவி ரெண்டரை, டொறிங்ரன் ரெண்டு.
பதின்மூண்டு.
பதினாலைத் தாண்டக்குடாது.
வாங்கில மிச்சமிருக்கிற மூண்டரை
என்னைப் பாக்குது.
நெஞ்சுக்குக் கீழ எனக்கொண்டும் இல்லை,
அதால நான் ஒண்டு.

பட்டியை இறுக்கினன்.
கூடைக்கு எறியமாட்டன். குறுக்க நிப்பன்,
சில்லோட சில்லு முட்ட;
யதுகுலன் சுத்திக்கொண்டு போவான்.

வலை ஆடுது. கைதட்டல் அவனுக்கு.
என்ர உள்ளங்கையில ரப்பர்க் கறுப்பு,
சோத்துக்கு முன்னம் ரெண்டுதரம் கழுவியும்
போகேல்லை.