மரத்தில் வெட்டிய எல்

ஹார்ஸ்கிளஃப் வார இதழுக்காக
நான் கோத்த சொற்களிலேயே
அதிகம் விலைபோனது ஸ்கேண்டல்.
ஏழு எழுத்து. தலைகீழாய்க் கோக்க வேண்டும்.
விரலுக்கு மனப்பாடம்.

ரொட்டி அரைப் பென்னி ஏறினால் ஸ்கேண்டல்.
ஞாயிற்றுக்கிழமை கொடியில் துணி காய்ந்தால் ஸ்கேண்டல்.
தேவாலயக் கூரை நிதியோடு பொருளாளர்
கடல் தாண்டியபோது மட்டும்
'கணக்கில் சிறு குழப்பம்' என்று கோக்கச் சொன்னார்
ஆசிரியர் கிரிம்ஷா.
நாலாம் பக்கம், இருமல் மருந்துக்குக் கீழே.

பிறகு தபால் நிலையத்துத் தெர்ஸா ஓல்ட்ராய்ட்
கல்தச்சனின் சைக்கிளில், முன்கம்பியில் உட்கார்ந்து
பட்டப்பகலில் பாலம் கடந்தாள்.
அவனுக்கு மனைவி உண்டு, ஹல் நகரத்தில்.
கிரிம்ஷா கைகளைத் தேய்த்துக்கொண்டார்:
"பெரிய மர எழுத்துகளை எடு, சேத்.
ஏழும் முதல் பக்கத்தில்."

அந்தப் பெட்டியில் எல் ஒன்றுதான்.
மேலங்கிப் பைக்குள் போட்டுக்கொண்டு
"எல் காணோம்" என்றேன்.
லீட்ஸிலிருந்து எனக்கு வரும் கடிதங்களை,
மேலே ஓர் ஆண் கையெழுத்து,
வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்காமல் தந்தவள்
ஊரில் அவள் ஒருத்திதான்.

கிரிம்ஷா யோசிக்கவேயில்லை.
"அப்போ ஷேம் போடு. அதற்கு எல் வேண்டாமே."
போட்டேன்.
என் கைதான் போட்டது.
வியாழன் உச்சிக்குள் அத்தனை பிரதியும் விற்றது.
அடுத்த வாரம் தபால் ஜன்னலில் வேறொரு முகம்.

இளைய பாதிரி பென்னக் ஒருநாள் சொன்னார்,
ஏதோ கல்யாண அழைப்பிதழ் கொடுக்க வந்தபோது:
கிரேக்கத்தில் அந்தச் சொல் பொறிக்குள் இருக்கும் குச்சியாம்.
எலி தொட்டால் கதவு விழும் குச்சி.
குச்சியை நிறுத்தி வைத்தது யார் என்று
சொல்லுக்குத் தெரியாதாம்.

நாலு வருடம் கழித்துச் சுரங்கத்தில் காற்று கெட்டது.
அளவுப் புத்தகத்தில் எண்களைத் திருத்தியிருந்தார்கள்,
ஊருக்கே தெரியும்.
பத்தொன்பது பேர்.
பையிலிருந்த எழுத்தை மேஜையில் வைத்து
"கிடைத்துவிட்டது" என்றேன்.
கிரிம்ஷா அதைப் பார்த்தார். ஜன்னலைப் பார்த்தார்.
"அது பெண்பிள்ளை விஷயத்துக்கான சொல், சேத்."
'வருந்தத்தக்க சம்பவம்' என்று கோத்தேன்,
சின்ன எழுத்தில், கறுப்புக் கட்டம் கட்டி.

இப்போது காற்றில் கதவு அடிக்காமலிருக்க
அந்த எல்லுக்குத்தான் வேலை.
வருகிறவர்கள் தடுக்கிக்கொள்கிறார்கள்.
நேற்று கிரிம்ஷாவின் மகன்
கால்விரலைப் பிடித்தபடி ஒற்றைக் காலில் நின்று
எந்த அச்சிலும் ஏறாத ஒன்றைச் சொல்லிவிட்டு
"இதை ஏன்யா வழியில் வைத்திருக்கிறாய்?" என்றான்.

தேநீர் ஊற்றினேன்.
நகர்த்தவில்லை.