பதினைந்துக்கு இறக்கு

மற்ற மாதங்களில் நான் ரூவியில்
சரக்குக் கணக்குப் பார்ப்பவள்.
நவம்பரில் மட்டும்
நாற்பத்தொரு சாரணப் பிள்ளைகளின்
கூடாரக் கணக்கும் என் தலையில்.

எக்செல் தாளில் கட்டங்கள்:
பெயர், ரத்த வகை, ஒவ்வாமை, மதம்.
மதம் எதற்கு என்று கேட்காதீர்கள்,
சமையலுக்கு.
ஹலால் யார், மாட்டிறைச்சி ஆகாதவர் யார்,
வெள்ளிக்கிழமை கறி தொடாதவர் யார்,
வெங்காயமும் வேண்டாம் என்கிற
ஒரே ஒரு ஷா வீட்டுப் பெண் யார்.

முகாமின் தலைப்பு ‘நம்பிக்கை’.
மூன்று கூட்டம், இரண்டு கோபம்,
ஒரு பெட்டி சமோசா தாண்டி வந்த சொல் அது.
‘பக்தி’ வேண்டாம் என்றார் ஹபீபுல்லா சார்.
‘விசுவாசம்’ ஒரே ஒரு வாசலுக்குப் போகிற சொல்
என்றார் கோமதிநாயகம், என்னைப் பார்க்காமல்.
‘ஈமான்’ என்று பலகையில் எழுத
யார் கையும் எழவில்லை.
நம்பிக்கை என்றதும்
எல்லாருக்கும் தேநீர் தேவைப்பட்டது.

எழிலன், பதின்மூன்று வயது,
கடைசிக் கட்டத்தை வெறுமையாய் விட்டிருந்தான்.
போன் செய்தேன்.
“அம்மா ஒண்ணு, அப்பா வேற, மிஸ்.
எதைப் போட்டாலும் மத்தவங்க பாப்பாங்க.”
சரி, என்ன சாப்பிடுவே?
“எல்லாம். கத்திரிக்காய் தவிர.”
மதம் என்ற கட்டத்தில் எழுதினேன்:
கத்திரிக்காய் இல்லை.

வியாழன் மாலை
பித்யாவைத் தாண்டித் தார் முடிந்த இடத்தில்
பேருந்து நின்றுவிட்டது.
பிள்ளைகள் முதுகில் மூட்டையோடு நடந்தார்கள்.
முன்னால் போன தண்ணீர் வண்டி
அச்சுவரை புதைந்து கிடந்தது.
பலகை போட்டோம். தள்ளினோம்.
ஹபீபுல்லா சார் பிஸ்மில்லா சொல்லித் தள்ளினார்,
கோமதிநாயகம் பிள்ளையாரை இழுத்தார்,
நான் மாதாவை விட்டுவைக்கவில்லை.
சக்கரம்
தன் குழியைத் தானே தோண்டிக்கொண்டது.

ஓட்டுநர் தாத் கரீம், பலூச்சிக்காரர்,
எங்களை ஓரம்போகச் சொல்லிக் குனிந்தார்.
வால்வில் ஒரு குச்சியை வைத்து அழுத்தினார்.
நீளமாய் ஒரு பெருமூச்சு.
அடுத்த சக்கரத்தை எழிலனிடம் காட்டி
இந்தியில் சொன்னார், பதினைந்துக்கு இறக்கு.
புடைத்த டயர் மணலைக் கிழிக்கும்,
தளர்ந்தது அதன்மேல் பாதம்போல் பரவும்.
வண்டி எழுந்தது
ஒட்டகம் எழுவதுபோல், பின்பக்கம் முதலில்.

“நாளைய உரைக்கு இதையே வச்சுக்கலாமே”
என்றார் கோமதிநாயகம் என் காதோரம்.
வேண்டாம் சார்,
டயரை டயராகவே விடுங்கள்.

சஃப்வான் திசைகாட்டி வைத்துக் கண்டுபிடித்தான்,
தொழுகைக்குச் சரியாக மேற்கு.
அந்தப் பதக்கம் அவனுக்கே.
கத்தரித்த தண்ணீர் புட்டிக்குள்
ஒரு அகல் எரிந்தது, இருமுறை அணைந்தது.
ஜெபமாலை தேடி
நான் சாம்பார்ப் பொடி டப்பாவைத் திறந்தேன்.
எல்லாம் ஒரே தார்ப்பாயில்,
கால்கள் மட்டும் வெவ்வேறு பக்கம் நீண்டிருந்தன.

வெள்ளி விடியலில் கொடியருகே உறுதிமொழி.
கடவுளுக்கும் என் நாட்டுக்கும்
என் கடமையை ஆற்றுவேன் என்று
நாற்பத்தொரு குரல்.
மஸ்கட்டில் பிறந்து
மஸ்கட்டிலேயே பல் விழுந்து முளைத்த அனுகிரகா
கையை இறக்காமல் கேட்டாள்:
“மிஸ், எந்த நாடு?”

கடவுளுக்காக மூன்று கூட்டம் போட்டோம்.
இதை ஒருவரும் நினைக்கவில்லை.
ஹபீபுல்லா சார் கொடிக்கயிற்றைப் பார்த்தார்.
அவளுடைய விசா டிசம்பரில் முடிவது
என் தாளில் இருக்கிறது.
உப்புமா ஆறுகிறது என்று சொன்னேன்.

சனி மதியம், பெட்ரோல் பங்க்.
எழிலன் அளவுமானியைப் பிடித்து
முப்பத்தைந்து வரும்வரை
மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தான்.
பேருந்தில் தலை எண்ணினேன், நாற்பத்தொன்று.
அனுகிரகா ஜன்னலில் நெற்றி வைத்துத் தூங்கினாள்.
மறுபடி எண்ணினேன்.
தலை சரி.
ஒற்றைச் செருப்பு ஒன்று மட்டும் கூடுதல்.