இடைப்படம்

ஒரு நொடிக்குப் பன்னிரண்டு தாள்.
நாரின் நகரில் அக்டோபரிலேயே பனி இறங்கிவிட்டதால்
விடுதியின் நான்காம் மாடியில்
வெந்நீர்க் குழாயோடு முதுகை ஒட்டிக்கொண்டு வரைகிறோம்.
கழற்றிய ஜன்னல் கண்ணாடி, அடியில் ஒரு டியூப் லைட்.
அதுதான் எங்கள் ஸ்டூடியோ.

பெகிமாய் முதல் படத்தையும் கடைசிப் படத்தையும் வரைவாள்.
நடுவில் உள்ளதெல்லாம் என் பாடு.
ஒன்றாம் தாளில் சாலையில் நடக்கிற பெண்
முப்பதாம் தாளில் காருக்குள் இருக்கிறாள்.
"இடையில் நடந்ததை நீ பார்த்துக்கொள்"
என்று தேநீர் ஊற்றப் போய்விடுவாள்.

முடிவுக்காக நான்கு நாள் சண்டை.
போலீஸ் வரட்டும் என்றாள் நுர்சாத்.
குதிரை வரட்டும், எனக்குக் குதிரைதான் வரும் என்றான் எர்மெக்.
"யாரும் வர வேண்டாம்," என்றாள் பெகிமாய்.
"யாரோ வந்து காப்பாற்றுகிற படம் என்றால்
நான் வெள்ளைத் தாளையே ஓட்டிவிட்டுப் போகிறேன்."

கல்யாண முக்காடு போடும் காட்சி எனக்கு.
இருபத்துநான்கு தாள், இரண்டு நொடி.
ஒரு தாளுக்கும் அடுத்த தாளுக்கும்
நகக்கண் அளவுதான் கை நகர்கிறது.
எதை எடுத்து விளக்கில் பிடித்தாலும்
குற்றம் ஏதும் தெரியவில்லை.
ஒரு கை. ஒரு துணி. கொஞ்சம் காற்று.
விரலிடுக்கில் வைத்துச் சரசரவென்று புரட்டினேன்.
அவள் தலை மறைந்தது.

கார்க்கதவை இழுத்து மூடும் கையை வரைந்தது மைரம்பெக்.
நல்ல கை. கட்டைவிரல் ஒரு பக்கம் கோணல்.
யாரைப் பார்த்து வரைந்தாய் என்றேன்,
சும்மா, நன்றாக வந்திருக்கிறதே என்றுதான்.
பென்சிலைச் சீவினான்.
சீவிக்கொண்டே இருந்தான்.
கட்டை விரல்நீளம் ஆனபிறகு
"அண்ணன்" என்றான்.

அன்றிரவு மாடிப்படியில் உட்கார்ந்து ஊருக்குப் போன் போட்டான்.
ஏழு வருஷமாக அவன் சட்டைக்குப் பித்தான் தைக்கிற அண்ணியிடம்
ஏழு வருஷமாகக் கேட்காததை
எப்படி ஆரம்பித்தானோ தெரியாது.
திரும்பி வந்தவன் சொன்னது:
"படத்தில் அவள் காலில் என்ன என்று கேட்டார்.
பூட்ஸ் என்றேன்.
இரண்டு காலிலுமா என்றார்.
ஒன்று சாலையிலேயே கிடந்துவிட்டதாம்.
அன்றைக்குக் கதவைத் திறந்தது நீதானே,
பார்க்கவில்லையா என்றார்."

அப்புறம் யாரும் போலீஸைப் பற்றிப் பேசவில்லை.
முந்நூற்றுப் பதினோரு தாளில்
வலது பூட்ஸை அழித்தோம்.
ரொட்டியில் ரப்பர்த்தூள், தேநீரில் ரப்பர்த்தூள்,
நுர்சாத்தின் புருவத்தில்கூட.
குதிரை மட்டுமே வரும் என்ற எர்மெக்
கம்பளிக் காலுறை வரைந்தான்,
குதிகாலில் ஓர் ஓட்டையோடு.
கடைசிக் காட்சியில் வெறும் சாலை.
ஒற்றை பூட்ஸ் கிடக்கிறது.
அதற்குள் பனி நிறைகிறது, நாற்பத்தெட்டு தாள்.

மார்ச்சில் மைரம்பெக்கின் ஊர்ப் பள்ளியில்
படுக்கை விரிப்பைத் திரையாகக் கட்டி ஓட்டினோம்.
நடுங்கும் கோடுகளைப் பார்த்து முன்வரிசைப் பையன்கள் சிரித்தார்கள்.
கதவு மூடியபோதும் ஒருவன் சிரித்தான்.
தான் மட்டும்தான் என்று தெரிந்ததும் நிறுத்திக்கொண்டான்.
அண்ணி கோட்டைக் கழற்றாமல் பின்சுவர் ஓரம் நின்றார்.
அண்ணன் உள்ளே வரவில்லை.
வெளியே காரில், எஞ்சினை ஓடவிட்டு.

முடிந்ததும் அண்ணி சொன்னது ஒன்றுதான்:
"ஓரிடத்தில் இரண்டு காலிலும் இருந்தது."

தேடினோம். இருநூற்று ஆறாம் தாள்.
அழிக்க மறந்தது நான்.
நொடியில் பன்னிரண்டில் ஒரு பங்கு.
இமைத்திருந்தால் தப்பியிருக்கும்.

ரப்பரை எடுத்தேன்.
மைரம்பெக் தாளின்மேல் கையை வைத்து மூடிக்கொண்டான்.
அவன் கட்டைவிரலும் கோணல்தான்.
அதுவரை நான் கவனித்ததில்லை.