பிறந்த இடம்

பதிவேட்டில் எழுதுவது என் வேலை.
பள்ளிகளைப் பார்வையிடக் கிளம்பினால்
ஜீப்பின் பின்சீட்டில் நானும் என் பேனாவும்.
முன்சீட்டில் கல்வி அலுவலர் அன்னபாக்கியம்,
மடியில் சாப்பாட்டு டப்பா, ஜன்னலில் முழங்கை.

கணேசபுரம் சுரங்கப்பாதையில் தண்ணீர் நின்றால்
செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிடுவார்.
"இதுல நடந்துதான்யா படிச்சேன்.
உனக்கென்ன, கப்பலா வரும்?"

கப்பல் ஒருமுறை வந்தது, அறுபத்தைந்தில்.
அவருக்கு ஏழு வயது. காதில் வேப்பங்குச்சி,
கம்மலை அந்தக் கரையிலேயே கழற்றிக்கொண்டார்கள்.
அப்பாவின் இடுப்பில் செல்லாத நோட்டு ஒரு கட்டு;
பிறகு வியாசர்பாடிக் குடிசையில்
கூரை ஒழுகும் இடமாகப் பார்த்துச் செருகினாராம்.
நல்ல காகிதம். இரண்டு மழைக்குத் தாங்கியது.

பள்ளியில் சேர்க்கப் போன அன்று
என்னைப் போல ஒரு எழுத்தர் கேட்டார், பிறந்த இடம்?
மோல்மேன் என்றார் அப்பா.
எழுத்தருக்குப் பசி நேரமோ என்னவோ,
மேலூர் என்று எழுதி
ஒற்றுத்தாள் வைத்து அழுத்திவிட்டார்.

அந்த மேலூர்
எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்துக்கு வந்தது.
ஆசிரியர் பயிற்சிக்கு வந்தது.
கொருக்குப்பேட்டையில் இரண்டாம் வகுப்புக்கு
முதல் சாக்பீஸை எடுத்த நாளிலும் கூடவே வந்தது.
தலைமையாசிரியராகி
லேத்துப் பட்டறை வாசல்களில் காலை ஆறுக்கே நின்று
எண்ணெய்க் கையோடு பையன்களை இழுத்துவந்தபோதும்,
பெண்பிள்ளைகள் கழிப்பறைக்குக் கதவு கேட்டுப்
பதினோரு கடிதம் எழுதிப் பார்த்து
தன் வீட்டுச் சமையலறைக் கதவைக் கழற்றிவந்து மாட்டியபோதும்
பணிப்பதிவேட்டில் அதே மேலூர்.
அந்த ஊரை அவர் ஒருநாளும் பார்த்ததில்லை.

இரண்டாயிரத்துப் பதினைந்து, ஜூன்.
ஓய்வுக்கு இன்னும் எட்டே மாதம்.
வியாசர்பாடிப் பள்ளியில் கதவோரம் ஒரு தகப்பன், ஒரு பையன்.
தோளில் பழைய இரும்புச் சாக்கு.
லேமினேஷன் பிரிந்த அகதி அட்டை ஒன்று.
டி.சி. இல்லை, பிறப்புச் சான்று இல்லை.
"பர்மாக்காரங்களாம் மேடம்," என்றார் தலைமையாசிரியர்,
மன்னிப்புக் கேட்கிற குரலில்.

அப்படியொரு வெளிச்சத்தை
அவர் முகத்தில் நான் பார்த்ததில்லை.
குனிந்து, விரல் மடக்கி,
ஐம்பது வருஷமாக யாரிடமும் சொல்லாத எண்களைச் சொன்னார்:
தித், ஹ்னித், தோன்...

தகப்பன் பின்னால் நகர்ந்தார்.
சுவரில் முதுகு இடிக்கும்வரை நகர்ந்தார்.
சாக்கை இறக்கிப் பையனுக்கு முன்னால் பிடித்துக்கொண்டார்.
அவருக்கு அது
துப்பாக்கி வைத்திருந்தவர்கள் பேசிய பாஷை.

மூன்றாவது விரல் மடங்கியபடி நின்றது.

சாக்குக்குப் பின்னாலிருந்து பையன்தான் எட்டிப் பார்த்தான்.
"நாலு," என்றான்.
"எனக்கு நூறு வரைக்கும் வரும்."

"அவருக்கு ஒரு நாற்காலி போடுங்க," என்றார் மேடம்.
பிறகு என் பக்கம் திரும்பி, "எழுதுங்க."
பெயர், ஹமீதுல்லா.
வகுப்பு, இரண்டு.
பிறந்த இடம் என்ற கட்டத்துக்கு வந்ததும்
பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார்.
தகப்பன் ஏதோ சொன்னார். எழுதினேன்.
அதை எழுத்துக் கூட்டி அவருக்கே படித்துக் காட்டினார்.
இல்லை என்று தலையசைத்தார்.
இன்னொரு தரம். இன்னொரு தரம்.
"அவசரமில்லை, சாப்பிட்டுட்டுக்கூட எழுதலாம்."
முப்பது வருஷத்தில் என் பதிவேட்டில் அடித்தலே கிடையாது;
அன்றைக்கு மூன்று.
ஒவ்வொன்றின் பக்கத்திலும் அவர் சுருக்கொப்பம்.
புத்திடௌங்.
தகப்பன் அந்த எழுத்தை விரலால் தொட்டார்,
மை காயுமுன்.

திரும்பும்போது சொன்னேன்,
உங்களுடையதையும் திருத்திடலாம் மேடம், ஒரு மனு போதும்.
"எட்டு மாசத்துலயா? பென்ஷனை நிறுத்திடுவான்யா," என்று சிரித்தார்.
டப்பாவைத் திறக்கவில்லை.

சுரங்கப்பாதை காய்ந்து கிடந்தது.
செருப்போடேயே தாண்டினோம்.
ஜன்னலில் அவர் விரல்கள் மடங்கி மடங்கி விரிந்தன.
எதுவரை என்று
நான் எண்ணவில்லை.